கிரவுண்டுக்கு 8 அணா வாடகை! சென்ட்ரல் பக்கத்தில் தூங்கி எழுந்த நாடக மண்டபம்

சென்னை சென்ட்ரலில் இறங்குகிற லட்சோப லட்சம் பேருக்கு அந்தக் கட்டிடத்தைத் தெரியும். ஆனால் அது என்ன கட்டிடம் என்று கேட்டால் பாதிப் பேர் திருதிரு என்று விழிப்பார்கள்.

ஒரு பக்கம் வெள்ளை வெளேர் என்று ரிப்பன் மாளிகை. இன்னொரு பக்கம் எலெக்டிரிக் ரெயில் கிளம்புகிற மூர் மார்க்கெட் வளாகம். இரண்டுக்கும் நடுவே செக்கச் செவேல் என்று, கோபுரம் வைத்த செங்கல் கட்டிடம் ஒன்று நிற்கிறதே, அதுதான்!

அதன் பெயர் விக்டோரியா பப்ளிக் ஹால். அந்தக் காலத்து சென்னைவாசிகளுக்கு 'டவுன் ஹால்'. இன்னும் பழைய ஆட்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பல வருஷம் பூட்டிக் கிடந்தது. சுவரில் செடி முளைத்தது. புறாக்கள் குடித்தனம் நடத்தின. இருட்டினால் அந்தப் பக்கம் போக ஆம்பிளைகளே யோசிப்பார்கள். அதே மண்டபத்தை 'சிங்காரச் சென்னை 2.0' திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாய் செலவில் மாநகராட்சி புதுப்பித்திருக்கிறது. 2023-ம் ஆண்டு தொடங்கிய வேலை இது.

கட்டிடம் பிழைத்துக்கொண்டது. அது நல்ல செய்தி. மேடை பிழைக்குமா? அதுதான் இப்போது கேள்வி. அதன் விவரம் வருமாறு:-

மகாராஜா வைத்த கல்

1880-களில் சென்னைப் பட்டணத்தில் பொதுமக்கள் கூடிப் பேச ஒரு நல்ல மண்டபம் கிடையாது. கோட்டைக்குள் வெள்ளைக்காரர்களுக்கு இடம் இருந்தது. வெளியே இருந்தவர்களுக்கு மரத்தடிதான். ஊர்ப் பெரிய மனிதர்கள் கூடினார்கள். சந்தா வசூல் செய்து ஒரு டவுன் ஹால் கட்டுவது என்று முடிவானது.

1883-ம் ஆண்டு டிசம்பர் 17-ந் தேதி விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு அஸ்திவாரக் கல் நாட்டினார். (ஹம்பி விஜயநகரம் அல்ல. இது ஆந்திராவில் விசாகப்பட்டினம் பக்கத்தில் உள்ள விஜயநகரம்.) கன்னிமாரா பிரபு கவர்னராக இருந்த காலத்தில் மண்டபம் எழுந்தது. 1887-ல் விக்டோரியா ராணியின் பொன்விழா வந்தது. சும்மா விடுவார்களா? ராணியின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

படம் போட்டுக் கொடுத்தவர் ராபர்ட் சிஷோம். மெரினாவில் உள்ள செனட் ஹவுசும் அவர் கை வண்ணம்தான். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். ஐகோர்ட்டு, எழும்பூர் மியூசியம் என்று பட்டணத்துச் சிவப்புக் கட்டிடங்கள் பலவற்றில் அவருடைய ஆட்களின் வியர்வை இருக்கிறது. சேத்துப்பட்டுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தச் 'செட்டி'யால்தான் என்று சொல்வார்கள்.

கீழே ஒரு ஹால், மாடியில் ஒரு ஹால். ஒவ்வொன்றிலும் 600 பேர் உட்காரலாம். மரத்தால் ஆன பால்கனியில் இன்னும் 200 பேர். இரண்டு பக்கமும் வளைவு வளைவாகத் தாழ்வாரம், காற்று பிய்த்துக்கொண்டு போகும். சதுரக் கோபுரத்தின் உச்சியில் உள்ள கூரையை உற்றுப் பார்த்தால் திருவாங்கூர்ப் பக்கத்துக் கோவில் கூரை மாதிரி இருக்கும். இத்தாலி உடம்பு, மலையாளத் தொப்பி!

28 ரூபாய் 50 காசு

இனி வாடகைக் கதைக்கு வருவோம். சென்னையில் வாடகை கொடுத்து நொந்து போனவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளவும்.

மண்டபம் நிற்பது மாநகராட்சி நிலம். மொத்தம் 57 கிரவுண்டு. ஏக்கர் கணக்கில் 3.14. இதை மண்டபத்தின் டிரஸ்டுக்கு 99 ஆண்டு குத்தகைக்குக் கொடுத்தார்கள். வாடகை எவ்வளவு தெரியுமா? ஒரு கிரவுண்டுக்கு வருஷத்துக்கு 8 அணா. அதாவது 50 காசு. 57 கிரவுண்டுக்கும் சேர்த்து வருஷ வாடகை 28 ரூபாய் 50 காசு!

அன்று அது பெரிய ஏமாற்று வேலை அல்ல. பொதுக் காரியத்துக்கு இடம், அதனால் பேருக்கு ஒரு வாடகை என்ற கணக்கு. 'பீப்பிள்ஸ் பார்க்' என்ற பெரிய பூங்காவின் ஓரம் அது. கவர்னர் டிரெவெல்யன் 1859-ல் போட்ட பூங்கா. அவர் பெயரில் ஒரு நீரூற்றும் மண்டபத்தின் முன்னே இருக்கிறது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பூங்காவை ஆளுக்கு ஒரு கை பிய்த்துக்கொண்டார்கள். 1900-ல் மூர் மார்க்கெட் திறந்தது. 1913-ல் ரிப்பன் மாளிகை. நேரு ஸ்டேடியம் ஒரு பக்கம். மிருகக்காட்சி சாலை மட்டும் 1985-ல் வண்டலூருக்கு வண்டி ஏறியது. சென்ட்ரல் ரெயில் நிலையமோ பெருத்துக்கொண்டே போனது. பூங்காவின் பெயர் மட்டும் 'பார்க் ஸ்டேஷன்' என்று ரெயில் டிக்கெட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆனால் 8 அணா மட்டும் அப்படியே நின்றது. நிலத்தின் விலை எங்கேயோ போய்விட்டது. 99 ஆண்டு குத்தகை 1980-களில் முடிந்தபோது விவகாரம் வெடித்தது. இடம் யாருக்கு? வளாகத்துக்குள் முளைத்திருந்த கடைகளுக்கும் ஓட்டலுக்கும் யார் வாடகை வாங்குவது? டிரஸ்டு ஒரு பக்கம், மாநகராட்சி ஒரு பக்கம். கோர்ட்டு, அப்பீல், மறுபடி கோர்ட்டு என்று வழக்கு நடந்தது. வழக்கு நடக்கிற வீட்டுக்கு எவன் வெள்ளையடிப்பான்? மழை உள்ளே வந்தது. கூரை மரம் உளுத்தது.

கடைசியில் இடம் மாநகராட்சி கைக்கு வந்தது. அதற்குள் 2010-ம் ஆண்டும் வந்துவிட்டது. சுற்றியிருந்த கடைகளைக் காலி செய்தார்கள். ரிப்பேர் வேலை தொடங்கியது. தொடங்கிய வேகத்தில் நின்றும் போனது. காரணம், மெட்ரோ ரெயில்! மண்டபத்தின் வாசலிலேயே பாதாளம் தோண்டினார்கள். பூமி அதிரும் இடத்தில் நூற்றாண்டு தாண்டிய சுவருக்குப் பூச்சு பூசுவது எப்படி? 2018 மே மாதம் சென்ட்ரல் மெட்ரோ நிலையம் திறந்த பிறகுதான் மண்டபத்தின் பக்கம் ஆட்சியாளர்களின் பார்வை நிதானமாகத் திரும்பியது.

வக்கீல் கட்டிய சேலை

இதெல்லாம் செங்கல் கதை. சதை உள்ள கதை மாடியில் நடந்தது.

1891-ம் ஆண்டு. பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரி என்ற வக்கீல் தன் நாடகக் குழுவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தார். தெலுங்கு நாடகம். இந்த விக்டோரியா ஹாலில்தான் மேடை. பார்க்க வந்த கூட்டத்தில் 18 வயது பையன் ஒருவன். பெயர் சம்பந்தம். ஊர் பம்மல்.

அந்தப் பையனுக்குத் தமிழ் நாடகம் என்றாலே அதுவரை இளக்காரம். அன்று நாடகக்காரன் என்றால் 'கூத்தாடி'. பெண் கொடுக்க மாட்டார்கள். வீடு வாடகைக்கு விட மாட்டார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் கோழி கூவுகிற வரை ஆட்டம். அப்படியிருக்க, படித்த வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் வேஷம் கட்டி, நேரத்தோடு நடித்து முடித்ததைப் பார்த்ததும் பையனுக்குப் புத்தி மாறியது.

தெலுங்கில் முடிந்தால் தமிழில் ஏன் முடியாது? அதே வருஷம் நாலைந்து நண்பர்கள் சேர்ந்து 'சுகுண விலாச சபா' என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் வக்கீலாகி, ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாகி, 1959-ல் பத்மபூஷண் வாங்கிய பம்மல் சம்பந்த முதலியார்.

பகலில் கோர்ட்டு, ராத்திரி ஒத்திகை. பாட்டுக்குப் பாட்டு என்று இருந்த நாடகத்தை அவர் வசன நாடகம் ஆக்கினார். மணிக்கணக்கு வைத்தார். குறித்த நேரத்தில் மணி அடித்துப் படுதா தூக்க வேண்டும், சில மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். 1895-ல் இந்த மண்டபத்தில் 'மனோகரா' மேடை ஏறியது. 1954-ல் சிவாஜி கணேசன் சங்கிலியை இழுத்துக்கொண்டு கர்ஜித்து தியேட்டரை அதிர வைத்தாரே, அந்த 'மனோகரா'வின் ஆணிவேர் இந்த மாடி ஹாலில்தான் இருக்கிறது.

பெண் வேஷம்? பெண்கள் மேடைக்கு வருகிற பேச்சே அந்தச் சபாவில் கிடையாது. ஆண்களே சேலை கட்டினார்கள். ரங்கவடிவேலு என்ற வக்கீல் கதாநாயகி வேஷத்தில் அவ்வளவு பேர் வாங்கினார். காலையில் கருப்புக் கோட்டு, மாலையில் கண்டாங்கி!

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி இந்தச் சபாவில் வேஷம் கட்டியவர். மனோகரனாகவே நடித்தவர். அதே சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயர் ஆனார். மேயர் ஆபீஸ் எங்கே? பக்கத்துக் கட்டிடம். சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி ஆர்.கே.சண்முகம் செட்டியாரும் இந்தச் சபாவின் ஆள்தான். பட்ஜெட் படிப்பதற்கு முன்னால் வசனம் படித்தவர்!

1930-களில் சபா மவுண்ட் ரோட்டுக்குக் குடி போனது. அதோடு மண்டபத்தின் நாடக உயிரும் பாதி போனது.

திரையில் ஓடிய படம்

நாடகத்தைக் கொன்றது சினிமா என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சினிமா சென்னையில் முதன்முதலாகக் கண் விழித்ததே இந்த மண்டபத்தில்தான் என்றால் நம்புவீர்களா?

1890-களின் இறுதியில் ஸ்டீவன்சன் என்ற போட்டோக் கடைக்காரர் இங்கே துண்டுப் படங்களைத் திரையில் ஓட்டிக் காட்டினார். கதை கிடையாது, பேச்சு கிடையாது. நிஜ மனிதன் மாதிரி நிழல் நடக்கிறது, அவ்வளவுதான். அதற்கே கூட்டம் அலைமோதியது. தன் வீட்டுக் கூடத்தில் எமனுக்குப் பாய் விரித்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று நாடகத்தின் கதை.

1897 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் தன் வேலைத் திட்டத்தை விளக்கிப் பேசியது இங்கே. பாரதியார் பேசியது இங்கே. 1916 நவம்பர் 20-ந் தேதி நீதிக்கட்சிக்கு வித்திட்ட கூட்டம் கூடியது இங்கேதான் என்று பல வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. அரசியல் மேடை, சாமியார் மேடை, சங்கீத மேடை, சினிமா மேடை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. யார் வேண்டுமானாலும் வரலாம் என்று இருந்ததால்தான் அது 'பப்ளிக்' ஹால்.

சிமெண்டு என்னும் வில்லன்

பழைய கட்டிடத்தைப் புதுப்பிப்பது என்றால் பலர் நினைப்பது இரண்டு மூட்டை சிமெண்டு, நாலு டப்பா பெயிண்டு. சென்னையின் பழைய கட்டிடங்கள் பலவற்றைச் சாகடித்ததே இந்த வைத்தியம்தான்.

அந்தக் காலத்துச் செங்கல் சுவர் மூச்சு விடும். மழைத் தண்ணீரை உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். செங்கலுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்புச் சாந்து. அதன் மேல் சிமெண்டு பூசினால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழி இல்லாமல் திணறும். கடற்கரை ஊர் வேறு. ஈரத்தோடு உப்பும் சேர்ந்து செங்கலை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பு. விரலால் குத்தினால் மாவு!

ஆகவே இந்த மாதிரிக் கட்டிடத்துக்குப் பழைய மருந்துதான் வேண்டும். சுண்ணாம்பை நீற்றிப் பல நாள் ஊறப் போட வேண்டும். மணல் சேர்த்து அரைக்க வேண்டும். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் விட வேண்டும். கேட்டால் சித்த வைத்தியர் லேகியம் மாதிரி இருக்கும். ஆனால் இறுகினால் நூறு வருஷம் பேசும். சிமெண்டு ஒரே நாளில் கெட்டியாகும். இது வாரக் கணக்கில் காயும். அவசரக்கார காண்டிராக்டருக்கு இது ஒத்து வராது.

கூரையும் அப்படியே. 'மெட்ராஸ் டெரஸ்' என்று நம்ம ஊர்ப் பெயரிலேயே ஒரு மொட்டை மாடி உண்டு. தேக்கு மரச் சட்டங்களை வரிசையாக நிறுத்தி, அதன் மேல் ஒல்லி ஒல்லிச் செங்கலைக் குறுக்காகச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்பு விட்டு, மேலே செங்கல் ஜல்லி போட்டு, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கம்பி கிடையாது, கான்கிரீட் கிடையாது. இந்த வேலை தெரிந்த கொத்தனார்களை இன்று விளக்கு வைத்துத் தேட வேண்டியிருக்கிறது.

அரச மரம் இன்னொரு எதிரி. காக்கை போட்ட விதை கோபுரத்து இடுக்கில் முளைக்கும். மேலே வெட்டினால் கீழே தழைக்கும். வேர் சுவருக்குள் இரண்டு ஆள் உயரம் போயிருக்கும். கல்லைப் பிரித்து, வேரை எடுத்து, மறுபடி அடுக்கினால்தான் தீரும். அப்புறமும் வருஷா வருஷம் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்குவது சுலபம். ஏணி வைத்து ஏறிச் செடி பிடுங்குவதற்கு வருஷா வருஷம் பணம் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

தீப்பிடிக்கும் பயமும் இருக்கிறது. மர பால்கனி, மரப் படி, மரக் கூரை. பக்கத்தில் மூர் மார்க்கெட் 1985 மே மாதம் ஒரே ராத்திரியில் எரிந்து சாம்பலானதைச் சென்னை மறக்கவில்லை. பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் வாங்க அலைந்தவர்களுக்கு அது சாவு வீடு. இங்கே மேடை விளக்குக்கு ஒயர் இழுக்கிறவர்கள் அதை நினைவில் வைத்து இழுக்க வேண்டும்.

மேடை யாருக்கு?

இனிதான் விஷயமே.

மண்டபத்துக்கு ஐந்து நிமிஷ நடையில் பெரியமேடு. கொஞ்சம் தள்ளினால் சூளை, பட்டாளம், புளியந்தோப்பு. இன்னும் தள்ளினால் பெரம்பூர், வியாசர்பாடி. கானா பாட்டு பிறந்த தெருக்கள். பறை அடிக்கிறவர்கள், கூத்துக் கட்டுகிறவர்கள், பேண்டு வாசிக்கிறவர்கள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள். ஆனால் ஒரு நல்ல மேடையில் ஏற வேண்டும் என்றால் இவர்கள் மயிலாப்பூருக்கோ தி.நகருக்கோ பஸ் பிடிக்க வேண்டும். சபாக்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான். வடசென்னைக்கு மார்கழி என்றால் குளிர் மட்டும்தான்.

ஒரு காலத்தில் இந்தப் பக்கமும் மேடை இருந்தது. வால்டாக்ஸ் ரோட்டில் 'ஒற்றைவாடை' கொட்டகை என்று ஒன்று. தொழில்முறைக் கம்பெனிகள் மாதக் கணக்கில் முகாம் போட்டு நாடகம் போட்ட இடம். இன்று அங்கே போய்க் கேட்டால் லாரி ஆபீசைக் கை காட்டுவார்கள். 1914-ல் ரகுபதி வெங்கையா கட்டிய 'கெயிட்டி' தியேட்டரும் போய்விட்டது. 1913-ல் திறந்த 'எலெக்டிரிக் தியேட்டர்' மட்டும் அண்ணா சாலை தபால் ஆபீஸ் வளாகத்துக்குள் உயிர் பிழைத்தது. அங்கே ஓடுவது படம் அல்ல, ஸ்டாம்பு விற்பனை! எழும்பூர் மியூசியம் தியேட்டர் 1896-லிருந்து இன்றும் நாடகத்துக்குக் கிடைக்கிறது. அது ஒன்று ஆறுதல்.

2007-ல் 'சென்னை சங்கமம்' என்று பூங்காக்களில் கிராமியக் கலைகளை இறக்கினார்கள். நடுவில் நின்று, 2023-ல் மறுபடி தொடங்கியது. 2020-ல் 'மார்கழியில் மக்களிசை' வந்தது. கானாவும் ஒப்பாரியும் ஒலிபெருக்கியில் முழங்கியபோது கூட்டம் கொட்டகை கொள்ளவில்லை. ஆள் இல்லை, ரசிகர் இல்லை என்று எவரும் இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது.

ஆனால் திருவிழா வருஷத்துக்கு நாலு நாள். மிச்ச நாளுக்கு?

ஒரு சின்ன நாடகக் குழுவின் கணக்கைப் பாருங்கள். மண்டப வாடகை, லைட்டு, மைக்கு, மேக்கப், டிரஸ், சாமான் ஏற்றி இறக்க டெம்போ, இருபது பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு. இதற்கு முன்னால் ஒத்திகைக்கு ஓர் இடம். நடிக்கிறவர்கள் எல்லாம் பகலில் பாங்கியிலும் கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்க்கிறவர்கள். டிக்கெட் வைத்து எல்லா நாற்காலியும் நிரம்பினால்கூடக் கையைக் கடிக்கும். இதில் மண்டப வாடகை கல்யாண மண்டப வாடகை மாதிரி இருந்தால் நாடகம் நடக்காது. ஜவுளி எக்சிபிஷன்தான் நடக்கும். தள்ளுபடி விற்பனைக்காரர் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார். கட்டைக் கூத்துக்காரர் எங்கே போவார்?

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாநகராட்சி மண்டபம் என்றால் அரசு விழா முதலில். மந்திரி வருகிறார் என்றால் ஆறு மாதத்துக்கு முன் பணம் கட்டிய நாடகக்காரனுக்குத் 'தேதி மாறிவிட்டது' என்று முதல் நாள் ராத்திரி போன் வரும். அரசு மண்டபங்களில் நிகழ்ச்சி வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. மாதத்தில் இன்ன இன்ன நாள் கலைக்கு மட்டும் என்று எழுதி வாசலில் மாட்டிவிட்டால் இந்த வம்பு இல்லை. அன்றைக்கு மேயரே கேட்டாலும் கிடையாது என்று இருக்க வேண்டும். சத்தியமூர்த்தியாக இருந்தால் அவரும் வேஷம் கட்டிக்கொண்டு வரட்டும்.

8 அணாக் கணக்கு இந்த இடத்தில்தான் மறுபடி நினைவுக்கு வருகிறது. அன்று பொதுக் காரியம் என்று சொல்லி மலிவாகக் கொடுத்த நிலத்தில் பின்னாளில் கடைக்காரர் வாடகை ஓடியது. மலிவு வாடகை தப்பில்லை; அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்காததுதான் தப்பு. இப்போது 32 கோடி ரூபாய் நம்முடைய வரிப் பணம். வாடகைப் பட்டியலும், எந்த நாளில் யாருக்குக் கொடுத்தோம் என்ற கணக்கும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால் ஒருத்தரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

படி ஏறும் பாட்டி

சில்லறை விஷயங்கள் என்று தள்ளிவிட முடியாதவை இன்னும் சில இருக்கின்றன. பெரிய நாடகங்கள் நடந்தது மாடி ஹாலில். மாடி என்றால் படி. நாடகம் பார்க்க இன்றும் முதலில் வந்து உட்காருகிறவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்கள். லிப்டு வேலை செய்கிறதா என்பது அவர்களுக்கு நாடகத்தைவிடப் பெரிய விஷயம். பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை வேண்டும். நடிகைகளுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிற மேக்கப் ரூம் வேண்டும். ரங்கவடிவேலு காலத்தில் அந்தக் கவலை இல்லை.

சத்தம் இன்னொன்று. பம்மலார் காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி தொண்டையைத் திறந்து பேசினார்கள். அன்று வெளியே ஓடியது குதிரை வண்டி. இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலை. (ஈ.வெ.ரா. பெரியார் சாலை என்று பெயர் மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் கண்டக்டர்கள் வாயில் பழைய பெயர்தான்.) ஏர் ஹாரன், ஆம்புலன்ஸ், பின்னால் ரெயில் சத்தம். தாழ்வாரத்துக் கதவுகளைத் திறந்தால் காற்று வரும், சத்தமும் வரும். மூடினால் ஏ.சி. வேண்டும், கரண்டு பில் வரும். அந்த பில் யார் தலையில் விழும் என்பதும் வாடகைக் கேள்விதான்.

மண்டபத்துக்கு உள்ள பெரிய பலம், அது நிற்கிற இடம். சென்னையில் எந்தச் சபாவுக்கும் இந்த யோகம் கிடையாது. எலெக்டிரிக் ரெயில், மெட்ரோ, பறக்கும் ரெயில், பஸ் எல்லாம் கூப்பிடு தூரம். அம்பத்தூர் பாக்டரியில் ஷிப்டு முடித்தவர் ஆறரை மணிக்குள் வந்து சேரலாம். பாரிமுனைக் கடைச் சிப்பந்தி நடந்தே வரலாம். சொந்த வண்டி இல்லாதவர் வந்து போகக்கூடிய மேடை என்பது இந்த ஊரில் அபூர்வம்.

ஒன்றே ஒன்று. நாடகம் ஒன்பது மணிக்குள் முடிய வேண்டும். திருவள்ளூருக்கும் அரக்கோணத்துக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் போகிறவர்கள் கடைசி சீனில் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தால் நடிப்பவருக்கும் வேதனை, பார்ப்பவருக்கும் வேதனை. குறித்த நேரத்தில் மணி அடித்துத் தொடங்கினால் போதும். அப்புறம் சுரங்கப் பாதையில் இறங்கி ஏறினால் பார்க் ஸ்டேஷன். தெருவைக் கடக்கத் தேவையில்லாமல் இந்தப் பக்கமே இடது கைப்பக்கம் திரும்பினால் மூர் மார்க்கெட் வளாகம், அங்கே ஆவடி வண்டி தயாராக நிற்கும்.